நீர்நாய்க் குளத்தில் நங்கூரம்

ஓபன் துறையில் படகில் ஏறியதும் அப்பா கடல் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், பிள்ளைகளின் மழையங்கி என்று ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் பூதக்கண்ணாடியை ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு நகர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "பிள்ளை, இதில ஒரு பேரும் இங்கிலீசு இல்லையே?" என்றார்.

இல்லைத்தான். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக் கடல் வரைபடம் முழுக்கக் கேலிக் மொழி. ஓபன் என்ற ஊர்ப்பெயரே அம்மொழியில் சிறுகுடா என்று பொருள்படும் சொல். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 54 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில், கேலிக் ஓரளவாவது தெரியும் என்றவர்கள் 130,161 பேர். கிளாஸ்கோவில் இத்தனை வருடம் இருந்தும் என் காதில் அது விழுந்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடலில் மட்டும் ஒவ்வொரு கல்லும் இன்னும் அந்த மொழியில்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் மாத முதல் வாரம். நான்கு நாட்களுக்கு 34 அடிப் பாய்ப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். கணவர், நான், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்தெட்டு வயது அப்பா. பிரிட்டனில் சொந்தப் பொழுதுபோக்குக்காகப் பாய்ப்படகு ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனாலும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் அனுபவத்தைக் கேட்பார்கள். கணவர் இரண்டு கோடைகாலம் வகுப்புக்குப் போய் 'டே ஸ்கிப்பர்' சான்றிதழ் வாங்கியிருந்தார். அப்பாவை அழைத்துவர அவர்தான் வற்புறுத்தினார். எனக்குத் தயக்கம் இருந்தது. அப்பா யாழ்ப்பாணக் கரையூரான வல்வெட்டித்துறையில் பிறந்தவர். அவருடைய தகப்பன் பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தவர். ஆனால் அப்பா கடைசியாகச் சிறு படகொன்றில் ஏறியது எண்பதுகளில் ஓரிரவு, விளக்கில்லாமல், இந்தியக் கரையை நோக்கி. அதற்குப் பிறகு அவர் கடலோரத்தில் நடப்பார், காலை நனைக்கமாட்டார்.

நாங்கள் போக நினைத்த இடத்துக்கு வரைபடத்தில் நீளமான பெயர். உள்ளூரார் அதைச் சுருக்கிப் 'புல்டோரன்' என்பார்கள். ஸீல் தீவின் வடமேற்கு மூலையில், சிறு தீவுகள் மேற்குப் பக்கம் அரணாக நிற்க, உள்ளே கைவிரல் போல நீண்டு கிடக்கும் நீர். ஓபனிலிருந்து ஏறத்தாழ 8 கடல்மைல். அங்கே துறைமேடை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கடை கிடையாது. சொந்த நங்கூரத்தை நம்பித்தான் நிற்கவேண்டும். பெயருக்குப் பொருள் நீர்நாய்க் குளம்.

*

கெரெரா தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய நீரிணையை எஞ்சினில் கடந்தோம். ஸ்கொட்லாந்து மன்னன் இரண்டாம் அலெக்ஸாண்டர் நோர்வேயிடமிருந்து ஹெப்ரிடீஸ் தீவுகளைப் பறிக்கக் கப்பற்படையோடு வந்து, 1249இல் காய்ச்சல் கண்டு இறந்தது இந்தக் கெரெராவில்தான். தீவின் தென்கோடியில், கடலை முட்டிக்கொண்டு நிற்கும் பாறைமேல் கைலன் கோட்டையின் சுவர்கள் தெரிந்தன. 1582இல் கட்டி, 65 வருடம் நின்று, 1647இல் எரிக்கப்பட்டது. மகன் அதைப் பார்த்ததும், "அம்மப்பா, உங்கட ஊரிலயும் கோட்டை இருக்கா?" என்று கேட்டான். "கிட்ட, பருத்தித்துறைப் பக்கம் வெளிச்சவீடு இருக்கு. கோட்டை யாழ்ப்பாணத்தில" என்றார் அப்பா. அதுவரை அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

நீரிணையை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. தென்மேற்கு. நாங்கள் போகவேண்டிய திசையும் ஏறக்குறைய அதுவே என்பதால் பாயை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஏறவேண்டியிருந்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது. பாத்திரங்கள் உள்ளே உருண்டன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி இருந்தார். சிறிது நேரம் கழித்து, "சோழகம்" என்றார்.

"என்னப்பா?"

"இது சோழகம்தான் பிள்ளை. குளிர்ச் சோழகம். எங்கட பக்கம் இது வெக்கையா வரும்." பிறகு பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு விரலை நீட்டி நான்கு திசையையும் சொல்லிக்கொடுத்தார். அங்கேயிருந்து வந்தால் வாடை. அங்கேயிருந்து கொண்டல். இது சோழகம். அது கச்சான். மகள் தன் கைபேசியில் அதை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்துக்கொண்டாள். காற்றுக்குப் பெயர் கிடைத்ததும் அப்பாவின் கை கம்பியிலிருந்து தளர்ந்ததை நான் கண்டேன்.

வழியில் இறகு கட்டிய தூண்டில் கயிற்றை மகன் இழுத்துவர, நான்கு மீன் ஏறியது. நீலமும் பச்சையுமாக முதுகில் வரி. எங்கள் கும்பளாவின் வடக்கத்திச் சொந்தக்காரன். அப்பா அதை வாளியில் எடுத்துப் போட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, "இண்டைக்கு இரவு குழம்பு" என்று தீர்ப்புச் சொன்னார்.

*

புல்டோரன் வாயில் வெளியிலிருந்து வருபவருக்குச் சட்டென்று பிடிபடாது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று மறைத்து ஒரே கரையாகத் தெரியும். இங்கேதான் பெயர்கள் உயிர்காக்கும் வேலை செய்கின்றன. எலன் டூன் என்றால் கோட்டைத் தீவு. ஆகவே உயர்ந்து செங்குத்தாக இருக்கும். எலன் நம் பெஹாக், விலங்குகளின் தீவு. ஆகவே மேய்ச்சலுக்குப் புல் இருக்கும், தாழ்ந்து கிடக்கும். 'ஸ்கெர்' என்று தொடங்கினால் தண்ணீருக்கு மேலே தலை தெரியும் பாறை. 'போவ' என்று தொடங்கினால் தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும் பாறை. அப்பா இதைக் கேட்டதும், "அது பார்" என்றார். எங்கள் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். முத்துக்குளிப்போரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆயிரம் வருடமாக எழுத்தறியாத மீனவன் தன் பிள்ளைக்கு ஒப்பித்துக் கொடுத்த வழிகாட்டிதான் இந்தப் பெயர்கள். பின்னாளில் வந்த அளவையாளர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுதியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும், சொன்னவர்களுக்கு அதைவிட.

உள்ளே ஏழு படகுகள் நின்றன. எட்டாவதாக நாங்கள்.

நங்கூரம் போடுவது கல்லை எறிவது போன்ற வேலையல்ல. கணக்கு இருக்கிறது. அந்த நேரம் வற்றம். ஆழமானி 3 மீட்டர் காட்டியது. இரவு ஏற்றத்தில் தண்ணீர் இன்னும் 3 மீட்டருக்குச் சற்று மேல் உயரும் என்றது ஓத அட்டவணை. படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம். மொத்தம் ஏழே சொச்சம். சங்கிலி அதைப்போல நான்கு மடங்காவது வெளியே போகவேண்டும். ஆக 30 மீட்டர். படகை நிறுத்திப் பிடிப்பதில் பாதி வேலை நங்கூரத்தின் கொழுவுடையது, மறுபாதி அடியில் படுத்துக் கிடக்கும் சங்கிலியின் பாரத்துடையது. சங்கிலி படுத்திருந்தால்தான் இழுவை கிடையாக வரும், கொழு சேற்றில் மேலும் மேலும் புதையும். நேராக மேலே இழுபட்டால் கழன்றுவிடும். பாக்கு நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் ஒரு மாடி உயரம் ஏறி இறங்கும் இடத்துக்கு அந்த ஊர்க் கை புதிது. அப்பா இந்தக் கணக்கை மருமகனிடம் இரண்டு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டார்.

படகை மெல்லக் காற்றுமுகமாகத் திருப்பி, ஓட்டம் நின்றதும் கணவர் சங்கிலியை விட்டார். பின்னோக்கி எஞ்சினைக் கொடுத்து இறுக்கினார். பிடித்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். அப்பா மட்டும் பக்கத்துப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. காத்து மாறினா நாங்கள் அந்தப் படகுக்கு மேலதான் போய் நிப்பம்."

கணவர் சுற்றிப் பார்த்தார். சங்கிலியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுக்குப் படகு வட்டமடிக்கும். எங்கள் வட்டமும் பக்கத்துப் படகின் வட்டமும் ஒன்றையொன்று வெட்டின. "மாமா சொல்றது சரி" என்றார். திரும்ப எல்லாவற்றையும் இழுத்தோம். நங்கூரம் மேலே வந்தபோது கொழுவில் கருஞ்சேறு அப்பியிருந்தது. அப்பா குனிந்து அதில் ஒரு கிள்ளு எடுத்து விரலிடையில் தேய்த்தார். முகர்ந்தார். "நல்ல சேறு. பிடிக்கும்."

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கியது. அவருடைய தகப்பன் காலத்தில் ஆழமானி இல்லை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டுதான். குண்டின் அடியில் கொழுப்புப் பூசி இறக்கினால் அடிமண் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்து, தொட்டு, முகர்ந்து எந்தக் கரைக்கு எதிரே நிற்கிறோம் என்று கப்பல் தலைவரான தண்டையல் சொல்வார். அப்பா அதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறார். ஒருநாளும் செய்ததில்லை. எழுபத்தெட்டாம் வயதில், வட அத்திலாந்திக்கின் ஓரத்தில், கை தானாகச் செய்தது.

இரண்டாம் தரம் எட்டப் போய்ப் போட்டோம். கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னாலுள்ள மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையை மகனிடம் கொடுத்தோம். அந்தக் கோடு கலைந்தால் படகு நகர்கிறது என்று பொருள். இருட்டும்வரை அவன் கால்மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து அறிக்கை தந்தான். இருட்டு என்றேன், அங்கே ஜூனில் இருட்டு என்று சொல்லும்படி எதுவுமில்லை. பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மல் தீவின் மலைகளுக்குப் பின்னால் இறங்கியது. அதன் பிறகும் வடக்கு வானம் விடியும்வரை வெளிறியே கிடந்தது.

*

மீன்குழம்பின் வாசம் ஏழு படகுகளுக்கும் போயிருக்கும். புளியும் மிளகாய்த்தூளும் வெந்தயமும் அந்தக் குடாவுக்குப் புதிதாயிருக்க வேண்டும். காற்று அடங்கியதும் கரையோரம் கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் எழும். கேலிக்கில் அதற்குப் பெயரே 'மிகச்சிறு ஈ'. ஆனால் நடுநீரில் நின்ற எங்களை அவை அதிகம் தேடி வரவில்லை. சாப்பிட்டுவிட்டு மேல்தட்டில் போர்வைக்குள் இருந்தோம். பாய்மர உச்சியில் நங்கூர விளக்கு. ஏழு படகுகளிலும் அதேபோல ஏழு வெள்ளைப் புள்ளிகள். யாரும் பாட்டுப் போடவில்லை. தண்ணீர் சங்கிலியில் உரசும் சிறு ஒலி மட்டும்.

அப்போதுதான் அப்பா அன்னபூரணி கதையைச் சொன்னார். வல்வெட்டித்துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை, பிள்ளைகளுக்குத்தான் புதிது. ஊர்க்கரையில் ஊர்த்தச்சர்கள் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி அம்மாள். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றி, வல்வெட்டித்துறை ஆட்களே செலுத்த, சூயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைக்கு அனுப்பிவைத்தார். "இந்தக் கடல்தான்" என்று மேற்கே காட்டினார் அப்பா. "இதுக்கு அந்தப் பக்கம்தான் அந்த ஊர். எங்கட ஆக்கள் பாயில போனவை."

"நீங்கள் ஏன் கப்பலுக்குப் போகேல்ல அம்மப்பா?" என்றாள் மகள்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இலங்கையில் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. அவளுக்கு என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது? "பிறகு கடல் எங்களுக்குப் பயமாப் போச்சு" என்றார். "இரவில ஓடுற இடமாப் போச்சு. ஓடேக்க ஒருத்தரும் பேர் சொல்லித் தாறதில்ல." அவ்வளவுதான். அவள் மேலும் கேட்கவில்லை. போர்வையின் ஒரு பாதியை அவர் தோளில் இழுத்துப் போட்டாள்.

*

காலை நாலரைக்கு என்னை எழுப்பியது அப்பாவின் கை. வாயில் விரலை வைத்துச் சைகை காட்டி மேலே கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் வற்றியிருந்தது. பாறைகளின் இடுப்புவரை பழுப்புக் கடற்பாசி தொங்கிற்று. இருபது பாகம் தள்ளி ஒரு தலை நீந்திக்கொண்டிருந்தது. முழுகியது. வளைந்த முதுகும் கடைசியில் கூர்வாலும் தெரிந்து மறைந்தன. நீர்க்குமிழிகள் ஒரு கோடாகப் போயின. பிறகு ஒரு நண்டோடு பாறைமேல் ஏறி, முன்னங்காலால் பிடித்துக்கொண்டு கடித்தது. ஓடு உடையும் ஒலி எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது.

நீர்நாய். கடலில் இரை தேடினாலும் இது ஆற்று நீர்நாய் இனம்தான். இலங்கையின் ஆறுகளிலும் தென்னிந்திய மலையோடைகளிலும் வாழ்வது இதே இனம். உடம்பில் சீல் போலக் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்குவது அடர்ந்த மயிர் மட்டும். உப்புப் படிந்தால் மயிர் பிசுபிசுத்துக் காற்றைப் பிடித்துவைக்காது. அதனால் கடலில் வேட்டையாடும் நீர்நாய் நாள்தோறும் நல்ல தண்ணீரில் குளித்தாகவேண்டும். மலையிலிருந்து ஓடை இறங்கும் அமைதியான குடாக்களில் அது குடியிருப்பது அதனால்தான்.

கேலிக்கில் இதன் பெயர் 'டோரன்'. நீர் என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அதன் சகோதர மொழியான ஐரிஷ் இன்னும் ஒரு படி மேலே போய், நீர் என்ற அதே சொல்லோடு நாய் என்பதைச் சேர்த்து 'டோவர்கூ' என்கிறது. நீர்நாய். சொல்லுக்குச் சொல் எங்களுடையதே. தமிழுக்கும் ஐரிஷுக்கும் உறவில்லை. இரு கரையிலும் நின்று பார்த்தவர்களின் கண் ஒன்று போல வேலை செய்திருக்கிறது. இதைக் காலையுணவின்போது சொன்னேன். அப்பாவுக்கு அந்தப் பயணத்தில் இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இருக்கவில்லை. "நீர்நாய்" என்று தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அன்று பகலில் ரப்பர்த் தோணியில் குடாவின் தலைப்பக்கம் போய்க் கரையேறினோம். புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை குன்றைக் கடக்கிறது. கால்மணிக்குச் சற்றுக் கூடுதலான நடையில் மறுபுறம் ஒரு கல்பாலம். ஸீல் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் கிளாகன் பாலம் 1792-93இல் கட்டப்பட்டது. லண்டனின் பழைய பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தைக் கட்டிய ராபர்ட் மைல்ன்தான் இதன் வடிவத்துக்கும் பொறுப்பு. ஒரே வளைவு, ஒட்டக முதுகுபோல உயர்த்திக் கட்டியது, ஏற்றத்தின்போது அடியில் தோணி போகவேண்டும் என்பதற்காக. கீழே ஓடுவது ஆறு போலத் தெரிந்தாலும் இரு முனையும் கடல்தான் என்பதால் அத்திலாந்திக்கின் மேலுள்ள பாலம் என்று பெயர். கற்களின் இடுக்கெல்லாம் ஊதாச் சிறுபூ. தென் ஐரோப்பிய மலைகளுக்குரிய செடி அது. எப்படியோ வந்து இந்தச் சுண்ணாம்புச் சாந்தில் வேர்பிடித்து, இப்போது பாலத்தின் அடையாளமே அதுவாகிவிட்டது. அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலத்தடியில் ஒரு விடுதி. 'டை அன் ட்ரூஷ்'. காற்சட்டை வீடு என்று பொருள். 1745இல் ஸ்கொட்லாந்தில் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு மலைநாட்டாரின் கில்ட் உடையை 1746இல் பிரிட்டிஷ் அரசு தடைசெய்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுதடவை ஏழு வருடம் நாடுகடத்தல். தீவுக்குள் கில்ட் கட்டித் திரிந்தவர்கள் பெருநிலத்துக்குப் போகும்போது இந்த வீட்டில் நின்று காற்சட்டைக்கு மாறினார்களாம், திரும்பும்போது பழையபடி கில்ட்டாம். இது ஊர் சொல்லும் கதை. சட்டம் 1782இல் நீக்கப்பட்டது. வீட்டின் பெயரில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஓர் அரசு எதைத் தடைசெய்தது என்பதை ஊரார் வாசற்பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள், அதுவும் தங்கள் மொழியில். சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்களுக்கு, எந்த ஊரில் எதை மறைத்துக்கொண்டு போகவேண்டும் என்று தெரிந்த எங்களுக்கு, அந்தப் பெயரைக் கடந்து போகச் சில நிமிடம் பிடித்தது.

பிற்பகலில் தீவின் மறுகோடிக்குப் போய், சிறு பயணிகள் படகில் ஈஸ்டேல் தீவைப் பார்த்து வந்தோம். வாகனமே இல்லாத தீவு. சாமான் கொண்டுபோகத் துறையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கிளாஸ்கோவின் கூரைகளுக்குப் போன கற்பலகை இங்கே வெட்டியது. 1881 நவம்பரில் புயல்கடல் உள்ளே பாய்ந்து கல்லுடைக்கும் குழிகளை நிரப்பிவிட்டது. தொழில் அதன் பிறகு எழவில்லை. இன்று அந்தக் குழிகளில் தண்ணீர் கண்ணாடிபோல நிற்க, செப்டெம்பரில் உலகெங்குமிருந்து வந்து தட்டைக்கல் எறிந்து தத்தவிடும் போட்டி நடத்துகிறார்கள். கல் சில தரமாவது தத்தவேண்டும் என்பது விதி. மகன் நான்கு தத்தவிட்டான். அப்பா ஆறு.

*

இரண்டாம் இரவு காற்று வடக்கே மாறியது. நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தபோது எட்டுப் படகுகளும் ஒன்றாகத் திரும்பி, வேறு திசைக்கு முகம் காட்டி நின்றன. முதல் தரம் போட்ட இடத்திலேயே இருந்திருந்தால் பக்கத்துப் படகின் மேல் மோதியிருப்போம். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையில் அப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது அவர்தான்.

அடுத்த நாள் தெற்கே போய்க் கோரிவ்ரெக்கன் சுழலைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். ஜூரா தீவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் இடையே ஓதநீர் 8 நொட்டுக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து சுழலும் இடம். ஜூராவின் பார்ன்ஹில் வீட்டிலிருந்து '1984' நாவலை எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஓர்வெல், 1947 ஆகஸ்டில், மூன்று வயது வளர்ப்பு மகனையும் உறவுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சிறு படகில் இதைக் கடக்க முயன்றார். ஓத நேரத்தைத் தவறாகக் கணித்ததில் எஞ்சின் பிடுங்குண்டு போயிற்று. பாறையை எட்டும்போது படகு கவிழ்ந்தது. அவ்வழியே வந்த மீனவர் படகு எல்லோரையும் காப்பாற்றியது. இதைச் சொன்னதும், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அப்பா கேட்டார். 'கோரி' என்றால் கொப்பரை என்றேன்.

"கொப்பரை எண்டு பேரிலேயே சொல்லிப்போட்டாங்கள். பிறகென்ன போறது?" என்றார். போகவில்லை.

ஓபனுக்குத் திரும்பும்போது காற்று வாகாக இருந்தது. அப்பா சுக்கானைப் பிடித்தார். அரைமணி நேரம். யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் விட்டுவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துறையை நெருங்கியதும் சுக்கானை மருமகனிடம் கொடுத்துவிட்டு, படகின் நாட்குறிப்பில் மிச்சமிருந்த வெற்றுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு அது கொப்பியாகிவிட்டது. சோழகம், கச்சான், அணியம், தண்டையல், பார் என்று தொடங்கி எழுதிக்கொண்டே வருகிறார். சில சொல்லுக்கு எதிரே பொருள் எழுதாமல் இடம் விட்டிருக்கிறார். வல்வெட்டித்துறையிலுள்ள மூத்த உறவினர் ஒருவருக்கு ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்துக் கேட்டு நிரப்புகிறார். அந்த உறவினருக்கு வயது தொண்ணூற்றொன்று.

உங்கள் வீட்டிலும் கடலோடிய ஒருவர், அல்லது கடலோடியவரின் பிள்ளை இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். காற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.